கல்லாமைக்குத் தடை

ஒரு பூதத்தைத் தடை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒரு குத்துவிளக்கு வேண்டும் என்பது வீரமணிக்கு அதுவரை தெரியாது. விளக்கு மட்டும் போதாது. அதை ஏற்ற ஒரு சிறப்பு விருந்தினர் வேண்டும். அவருக்குப் போர்த்த ஒரு பொன்னாடை, அதைப் போர்த்தியவருக்குப் போர்த்த இன்னொரு பொன்னாடை, வரவேற்புரை சொல்ல ஒருவர், நன்றியுரை சொல்ல வேறொருவர், எல்லோருக்கும் டீ, மிக்சர். இவ்வளவும் தயாராகிவிட்டால், தடை செய்யப் பூதம் கிடைக்காவிட்டாலும் எப்படியோ சமாளித்துவிடலாம்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செங்குத்தான படிக்கட்டு ஏறிப் போகும் முதல் மாடியில் வீரமணி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், சுழலும்போது முனகும் ஒரு மின்விசிறி. பரீட்சை ரிசல்ட் வரும் நாட்களில் கூட்டம் படிக்கட்டு வரை நிற்கும். மற்ற நாட்களில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மின்விசிறிக்காக ஏறி வருவார்கள். லப்பைக்குடிக்காட்டு ஜமால் முகமது துபாய் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து சேர்ந்தவர். பொழுது போகாமல் ஒரு நாள் கையில் ஒரு விளையாட்டு சி.டி.யோடு வந்தார். அதை நாலு கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

விளையாட்டு எளிதானது. இருவர் உட்கார வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட பூதங்களில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு மாறி மாறி மோதவிட வேண்டும். அடிக்கலாம், தடுக்கலாம், சும்மா நிற்கலாம். முடியவில்லை என்றால் வெள்ளைக்கொடி பட்டனை அழுத்திச் சரணடையலாம். பூதங்களின் ஜப்பான் பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் பெரம்பலூர்க்காரர்கள் அவற்றுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நெருப்புக் கக்கும் கோழி தீக்கோழி ஆயிற்று. சிங்க உடம்பும் தும்பிக்கையும் கொண்டது யாளி. பாறாங்கல்லை ஓடாகச் சுமக்கும் ஆமை கல்லாமை. முயல் காது வைத்த ஆமை முயலாமை. வெள்ளையாக, உருண்டையாக, எந்நேரமும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு இட்லி என்று பெயர்.

சாயங்காலமானால் உரக்கடைக்காரர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், இரண்டு வாத்தியார்கள் என்று நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களாக வந்து குவிந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்த இடத்தில் சங்கம் முளைக்காமல் இருக்குமா? பெரம்பலூர் மாவட்ட பூதப்போர் ஆட்டக்காரர்கள் நலச்சங்கம் உதயமாயிற்று. சங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் அமிர்தலிங்கம் படியேறி வந்தார். கூட்டுறவு சங்கமொன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவணிகர் சங்கம், நடைப்பயிற்சியாளர் சங்கம், கோவில் உபயதாரர் சங்கம் எல்லாவற்றுக்கும் அவரே தலைவர். அதோடு, வீரமணி வாடகைக்கு இருந்த அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரும் அவர்தான். ஆகவே தலைவர் தேர்தல் போட்டியின்றி நடந்தது.

தலைவர் எடுத்துக்கொண்ட பூதம் யாளி. சங்கத்தில் யாரும் யாளியைத் தோற்கடித்ததில்லை. யாளி பலமானது என்பது ஒரு காரணம். தலைவர் தோற்றால் அன்றைக்கு டீ வராது என்பது இன்னொரு காரணம்.

பொங்கலுக்கு முதல் சுழற்கோப்பைப் போட்டி வைத்தார்கள். ஆட்டக்காரர் ஒருவர் காய்ச்சலில் விழுந்துவிட, ஓர் இடம் காலியாயிற்று. ஜமால் முகமது சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன், நம்ம சசிகலா தங்கச்சி ஆடட்டுமே" என்றார்.

சசிகலா வீரமணியின் மனைவி. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, அவன் சாப்பிட்டு ஒரு குட்டித்தூக்கம் போடும் வரை சென்டரைப் பார்த்துக்கொள்வாள். அந்நேரம் ஈ காக்கை வராது. அவளும் எத்தனை நாள்தான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பாள்?

அவள் கல்லாமையை எடுத்தாள். இறுதி ஆட்டத்தில் யாளி தும்பிக்கையைச் சுழற்றி நெருப்பாய்க் கக்கியது. கல்லாமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. யாளி இடித்தது, உதைத்தது, தூக்கிப் போட்டது. கல்லாமை வெளியே வரவே இல்லை. கடைசியில் யாளி களைத்துப் போய் நாக்குத் தள்ளி நின்ற நேரத்தில், கல்லாமை நிதானமாகத் தலையை நீட்டி ஒரே ஒரு முட்டு முட்டியது. யாளி மல்லாந்து விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. ஜமால் முகமது மட்டும் "மாஷா அல்லா!" என்று கத்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மறு வாரமே தடைப் பரிசீலனைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் அமிர்தலிங்கம். செயலாளர் வக்கீல் வைத்திலிங்கம். கோர்ட்டில் வாய்தா வாங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். பொருளாளர் ஜமால் முகமது. துணைத்தலைவர் அரியலூர் சிமெண்ட் வியாபாரி அரங்கநாதன். அரியலூரைத் தனி மாவட்டமாக ஆக்கிவிட்டு, மறு வருஷமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள் அல்லவா? அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டவர் அவர்.

"பொதுமக்கள் பிரதிநிதின்னு ஒருத்தர் வேணும். நடுநிலையா இருக்கணும். விளையாட்டப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளா இருந்தா உத்தமம்" என்றார் வைத்திலிங்கம்.

எல்லோரும் வீரமணியைப் பார்த்தார்கள்.

"ஐயா, நான் எதுக்குங்க? அதுவும் சசிகலா என் சம்சாரம்..."

"அதனாலதாம்ப்பா கேக்குறோம்" என்றார் அமிர்தலிங்கம். "நாளைக்கு ஒருத்தன் குடும்பத்துக்கு விரோதமா முடிவெடுத்துட்டோம்னு சொல்லிடக் கூடாதுல்ல. ஆமா, ஒன் வாடகை ஒப்பந்தம் ஆடியோட முடியுதா, ஆவணியோட முடியுதா?"

"ஆடியோடங்க."

"ம். பாத்துக்கலாம்."

வீரமணி பிரதிநிதியானான்.

வைத்திலிங்கம் சட்டப்படிதான் எதையும் செய்வார். எந்த உயிரையும் அதன் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பதால் கல்லாமைக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார். அதற்கு விலாசம் கிடையாது. எனவே நோட்டீஸை நேரில் சேர்ப்பிக்கும் பொறுப்பு வீரமணிக்கு வந்தது. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் கல்லாமையை வரவழைத்து, எதிரே நின்று அவன் உரக்கப் படித்தான். "மேற்படி கல்லாமை என்கிற தாங்கள் சங்கத்தின் ஆட்ட ஒழுங்குக்குக் குந்தகமான வகையில் உள்ளுக்குள் ஒடுங்கிக்கொள்வதாகப் புகார் வந்துள்ளபடியால், தங்களை ஏன் தடை செய்யக் கூடாது என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டியது." படித்து முடித்ததும் கல்லாமை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது.

"பெற்றுக்கொண்டதுன்னு எழுதிக்கிறேன்" என்றார் வைத்திலிங்கம்.

விசாரணை நாளில் கல்லாமை பதில் தாக்கல் செய்திருக்கவில்லை. அரங்கநாதன் எழுந்தார்.

"நான் ஆட்சேபிக்கிறேன். அந்த ஆம முதுகுல இருக்கறது சுண்ணாம்புக்கல்லு. பாத்தாலே தெரியுது. சுண்ணாம்புக்கல்லு எந்த ஊரு கல்லு? அரியலூர் கல்லு. மாவட்டத்தப் புடுங்குனீங்க, பொறுத்துக்கிட்டோம். இப்ப எங்க மண்ணோட ஆமையயும் புடுங்குறீங்க."

பத்து நிமிடம் இப்படியே போயிற்று. பிறகு அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தப்பட்டது. அவர் உட்கார்ந்தார். அப்புறம் தலைவர் பேசினார்.

"நான் தோத்துட்டேங்கறதுக்காக இந்தத் தடைன்னு யாரும் நெனைக்கப்படாது. எனக்கு வெற்றி தோல்வி எல்லாம் ஒண்ணுதான். ஒரு தலைவன் தோத்தா சங்கத்துக்கு என்ன மரியாத? அந்த மரியாதைய நெனச்சுத்தான் நான் வருத்தப்படுறேன். அது சண்ட போடல. ஒளிஞ்சுக்குது. ஒளிஞ்சுக்கிட்டு ஜெயிக்கறது தமிழர் மரபா? யாளியப் பாருங்க. கோவில் தூணுல நிக்கற பூதம். நம்ம பாரம்பரியம். அதத் தடை பண்ண முடியுமா? யாரும் கேக்கல. கேட்டாலும் முடியாது."

"தம்பி, அந்த ஆமை ஒண்ணும் ஏமாத்தலியே" என்று ஜமால் முகமது வீரமணியின் காதில் சொன்னார். அதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. வீரமணியின் கையும் உயர்ந்தது. ஆடி மாதத்தை நினைத்துத்தான் உயர்ந்தது.

மறுநாள் மத்தியானம் சசிகலா தூக்கைத் திறந்து வைத்தாள். வெறும் சோறும் ரசமும் இருந்தன.

"குழம்பு இல்லியா?"

"தடை பண்ணிட்டேன்."

"என்னது?"

"குழம்பு ஒங்க பக்கம் ரொம்பப் பலமா நிக்குது. அது இருந்தா சோத்த ஈசியா எறக்கிடுறீங்க. மத்தவங்களுக்கு அது நியாயமா? வூட்டுல குழு போட்டோம். ஒருமனதா முடிவாயிருச்சு."

"குழுவுல யாரு?"

"நானும் அடுப்பும்."

"சசி, நான் என்ன பண்ணுவேன்? எல்லாரும் கையத் தூக்குனாங்க."

"எல்லாரும் தூக்கட்டும். ஒங்க கை ஒங்க தோள்லதான இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வீரமணி ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் கத்தியிருந்தால் கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இது இவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் சங்கத் தீர்மானத்தை வைத்திலிங்கம் பத்திரிகைக்கும் அனுப்பியிருந்தார். மூன்றாம் பக்க மூலையில், 'பெரம்பலூரில் கல்லாமைக்குத் தடை: சங்கம் அதிரடித் தீர்மானம்' என்று வந்துவிட்டது. நான்கு நாளில் எழுத்தறிவு இயக்கம் ஒன்றிலிருந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் வெல்வெட் துணி சுற்றிய கேடயம்.

வீரமணி அவரைப் படிக்கட்டிலேயே மறித்துச் சொல்லிப் பார்த்தான்.

"சார், இது நீங்க நெனைக்கற கல்லாமை இல்லீங்க. அது ஆமை."

"ஆமா, ஆமா" என்றார் அதிகாரி, மூச்சு வாங்கியபடி.

குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. அதிகாரி பேசினார். "கல்லாமைய ஒழிக்க நாங்க வருஷக்கணக்கா பாடுபடுறோம். ஊருக்கு ஊரு விளம்பரப் பலகை வெச்சோம். ஆனா எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்க அந்தப் பலகையப் படிக்கவே மாட்டேன்னுட்டாங்க. ஒத்துழைப்பு இல்ல. மேலேர்ந்து கேக்குறாங்க, என்ன முன்னேற்றம்னு. ஒவ்வொரு வருஷமும் முன்னேற்றத்த நாங்களே எழுதிக்க வேண்டியிருக்கு. நீங்க ஒரே தீர்மானத்துல தடை பண்ணிட்டீங்க. இவ்வளவு சுலபம்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

அமிர்தலிங்கம் கேடயத்தை வாங்கிக்கொண்டார். ஏற்புரையில், தன் தலைமையில் கல்லாமை இந்த மாடியில் இனி தலை நீட்டாது என்று உறுதியளித்தார். அந்த வாக்கியம் இரு தரப்புக்கும் பொருந்தியதால் யாருக்கும் மனக்கசப்பு வரவில்லை.

சித்திரையில் அடுத்த போட்டி. சசிகலா முயலாமையை எடுத்தாள். அது ஓடி ஓடிக் களைப்புக் காட்டி, எதிரி அசந்த நேரம் பார்த்து உதைக்கும். ஜெயித்தது. தடை செய்தார்கள். முயற்சியின்மையை ஊக்குவிக்கும் பெயர் என்று காரணம் எழுதினார் வைத்திலிங்கம். பெயர் வைத்ததே அவர்தான்.

வைகாசியில் அவள் இட்லியை எடுத்தாள். அதைவிடச் சோப்ளாங்கியான பூதம் சி.டி.யிலேயே கிடையாது. அது கொட்டாவி விட்டது. அதைப் பார்த்து எதிரியின் பூதத்துக்கும் கொட்டாவி வந்தது. எதிரி தூங்கிப் போனதும் இட்லி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். உணவுப் பண்டத்தை ஆயுதமாக்கிய குற்றத்துக்காக இட்லி தடை செய்யப்பட்டது. மூன்று தடவையும் வீரமணியின் கை உயர்ந்தது. வீட்டில் பொரியல், கூட்டு, ஊறுகாய் என்று ஒவ்வொன்றாகத் தடைக்குப் போய், கடைசியில் மோரும் உப்பும் மட்டும் மிஞ்சின.

தனித்தனியாகத் தடை செய்வதில் பொன்னாடைச் செலவு அதிகமாகிறது என்று கண்ட குழு, பொதுவான கொள்கை ஒன்று வகுக்கக் கூடியது.

வைத்திலிங்கம் விளக்கினார். "பிரச்சின எங்க இருக்கு? பலமான பூதத்துலதான். ஒரு பூதம் பலமானதுன்னு எப்படித் தெரியும்? ஜெயிக்குது. ஆக, ஜெயிச்சதே குத்தத்துக்குச் சாட்சி. தனியா விசாரண தேவையில்ல. இனிமே எந்தப் பூதம் ஜெயிக்குதோ அந்தப் பூதம் அன்னிக்கே தடை."

"அப்ப தோத்தது?" என்று கேட்டார் ஜமால் முகமது.

"தோத்தது ஒழுக்கமான பூதம்."

"யாளிக்கு மட்டும் விலக்குன்னு ஒரு வரி சேத்துக்குங்க" என்றார் அமிர்தலிங்கம்.

அரங்கநாதன் மேசையைத் தட்டினார். "விலக்கு கிலக்கெல்லாம் கெடயாது. பெரம்பலூருக்கு ஒரு நீதி, அரியலூருக்கு ஒரு நீதியா? வெலக்கு குடுத்தா இப்பவே நான் தனிச் சங்கம்."

தலைவர் யோசித்தார். சசிகலா வந்ததிலிருந்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டதால், யாளி பொங்கலுக்குப் பிறகு எதையும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்காத பூதத்துக்கு இந்த விதியால் என்ன ஆபத்து? சம்மதித்தார்.

ஆடி மாதக் கோப்பை இந்தப் புது விதிப்படி நடந்தது. அப்படியொரு போட்டியை வீரமணி அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெயித்தால் அருமையாக வளர்த்த பூதம் போய்விடும். ஆகவே யாரும் அடிக்கவில்லை. முதல் ஆட்டத்தில் அரங்கநாதனும் இன்சூரன்ஸ் ஏஜெண்டும் எதிரெதிரே உட்கார்ந்து உபசாரம் செய்துகொண்டார்கள்.

"நீங்க அடிங்க சார்."

"அட, நீங்க பெரியவங்க. நீங்க மொதல்ல."

"விருந்தாளி முன்னாடி நான் கை ஓங்கலாமா?"

திரையில் இரண்டு பூதங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி சும்மா நின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்த் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து உபசாரத்தைத் தொடர்ந்தார்கள். ஜமால் முகமது நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். முதலில் வெள்ளைக்கொடி பட்டனை அழுத்தினால் தோற்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அதை அழுத்துவது கௌரவக் குறைச்சல். கௌரவமாகத் தோற்பது எப்படி என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. கரண்ட் போய் ஆட்டம் தானாக அணைந்தது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

கரண்ட் வந்ததும் சீட்டுக் குலுக்கினார்கள். தலைவருக்கு எதிரே சசிகலா என்று வந்தது.

அமிர்தலிங்கம் யாளியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். சசிகலா தீக்கோழியை நிறுத்தினாள்.

"அடிம்மா" என்றார் தலைவர், பெருந்தன்மையாக. "பயப்படாம அடி. நான் தோத்தாலும் தப்பா நெனைக்க மாட்டேன்."

"வேணாங்கய்யா. நீங்க பெரியவங்க" என்று சொல்லிவிட்டு, சசிகலா வெள்ளைக்கொடி பட்டனை அழுத்தினாள்.

தீக்கோழி மண்டி போட்டது. யாளி தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. வாணவேடிக்கை வெடித்தது. திரை முழுக்கத் தங்க எழுத்தில் வெற்றி, வெற்றி என்று ஓடியது. பழக்கத்தில் இரண்டு பேர் கை தட்டிவிட்டார்கள். பிறகுதான் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் உறைத்தது.

வீரமணி மனைவியைத் தனியே இழுத்தான். "தெரியாம அழுத்திட்டியா?"

"தெரிஞ்சுதான் அழுத்துனேன்."

"ஆடி முடியப் போவுது, சசி. ஒப்பந்தம்..."

"அது எனக்கும் தெரியும்" என்றாள் அவள். முகத்தில் சிரிப்பு இல்லை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது என்பதை வீரமணி அப்போதுதான் பார்த்தான்.

குழு அவசரமாகக் கூடியது. யாளி ஜெயித்தது உண்மையான ஜெயமாகாது, அது ஜெயம் போன்ற ஒரு தோல்வி என்று வைத்திலிங்கம் வாதாடினார். விதியில் அப்படி இல்லை என்று அரங்கநாதன் குதித்தார். வாக்கெடுப்பு வந்தது. தடைக்கு எதிராகத் தலைவரும் வைத்திலிங்கமும். ஆதரவாக அரங்கநாதனும் ஜமால் முகமதுவும். மிச்சம் வீரமணி.

"வீரமணி" என்று அமிர்தலிங்கம் மெதுவாகக் கூப்பிட்டார். "நீ இந்த மாடிக்கு வந்து எத்தன வருஷமாச்சுப்பா?"

வீரமணி படிக்கட்டுப் பக்கம் பார்த்தான். நாலு கம்ப்யூட்டரையும் ஜெராக்ஸ் மிஷினையும் அந்தச் செங்குத்துப் படிக்கட்டில் தூக்கி இறக்குவதை நினைத்தான். நோட்டீஸ் படித்தபோது அந்த ஆமை கண்ணைச் சிமிட்டியது ஏனோ நினைவுக்கு வந்தது. மூன்று தடவை தூக்கிய கையைப் பார்த்தான். அது அவன் தோளில்தான் இருந்தது.

"ஐயா, எனக்கு வெளையாட்டு தெரியாதுங்க. ஆனா நீங்க போட்ட ரூலு எனக்கே புரியுதுங்க" என்று சொல்லிக் கையைத் தூக்கினான்.

மறுநாள் காலை படிக்கட்டின் கீழே 'மாடி வாடகைக்கு விடப்படும்' என்று பலகை தொங்கியது. சங்கத்தார் யாரும் மேலே ஏறவில்லை. சென்டரில் ஈயாடியது. வீரமணியும் சசிகலாவும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தூக்கில் கத்திரிக்காய்க் குழம்பு இருந்தது, பொரியல் இருந்தது, அப்பளமும் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் வேறு வேலை இல்லாததால் அவள் அவனுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தாள். அவன் தினமும் தோற்றான். தோற்பது இவ்வளவு சந்தோஷமான காரியம் என்று இத்தனை நாள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மாடியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பாதிப் படி ஏறி மூச்சு வாங்கி நின்றார்கள். ஜன்னலைத் திறந்து பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைப் பக்கமாக வந்த காற்றை மோந்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். ஒரு மாதம் கழித்து, மழையில் நனைகிறது என்று சொல்லிக்கொண்டே அமிர்தலிங்கம் பலகையைத் தானே கழற்றினார். ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார். இந்தப் பலகைக்காகவா இத்தனை மாதம் மோர்ச்சோறு தின்றோம் என்று வீரமணிக்குத் தோன்றியது.

கார்த்திகையில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. அரங்கநாதன் அன்றைக்கே தனிச் சங்கம் கண்டார். சொத்துகளைப் பிரிக்க ஜமால் முகமது வீட்டில் பிரியாணியோடு கூட்டம். கோப்பை பெரம்பலூருக்கு, அதன் மூடி அரியலூருக்கு. கேடயத்தை ரம்பத்தால் அறுப்பதா வேண்டாமா என்று பேசி, ஆறாறு மாதம் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கடைசியில் தடைகளைப் பங்கு போட உட்கார்ந்தார்கள்.

"கல்லாமைத் தடை எங்களுக்குத்தான். கல்லு எங்க கல்லு" என்றார் அரங்கநாதன். "கூட யாளித் தடையும் வேணும்."

அமிர்தலிங்கம் நிமிர்ந்தார். "அது எப்படி? நாங்க தாய் மாவட்டம். தடையில எங்களுக்குத்தான் பெரும்பங்கு வரணும். யாளித் தடை பெரம்பலூர விட்டு ஒரு அடி நகராது. இது மானப் பிரச்சின."

மானம் காப்பாற்றப்பட்டது. யாளி பெரம்பலூரில் தடை செய்யப்பட்டது, அரியலூரில் சுதந்திரம் பெற்றது.

அரியலூர்ச் சங்கத்தின் முதல் போட்டிக்கு வீரமணியும் சசிகலாவும் காலை பஸ்ஸில் புறப்பட்டார்கள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் புழுதியைத் தின்றுகொண்டு ஊர்ந்தது. பேரளி தாண்டும்போதுதான் வீரமணி பார்த்தான். கடைசி வரிசையில் ஜன்னலோரமாக, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். துண்டு போட்டிருந்தாலும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தோரணையை மறைக்க முடியவில்லை.

"ஐயா, நீங்களா? எங்க இவ்வளவு தூரம்?"

அமிர்தலிங்கம் துண்டைக் கொஞ்சம் விலக்கினார். "சும்மா. சிமெண்டு வெல வெசாரிக்கலாம்னு." பக்கத்தில் யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா சசிகலா, அங்க நீ எந்தப் பூதத்த எடுக்கப் போற?" என்று கேட்டார்.

"போயித்தாங்கய்யா பாக்கணும். எது வந்தாலும் ஆடலாம்" என்றாள் சசிகலா.

"எது வந்தாலுமா?" அவர் முகம் வாடிற்று. அப்புறம் அந்த முகத்தில் பழைய களை வந்தது. "அப்ப அங்கயும் ஒரு குழு போட்டுத்தான் ஆகணும். அரங்கநாதன்ட்ட நான் பேசிக்கிறேன். பொதுமக்கள் பிரதிநிதியா வீரமணியே இருக்கட்டும். அனுபவம் இருக்குல்ல?"

"நான் இப்ப பொதுமக்கள் இல்லீங்கய்யா. நானும் ஆட்டக்காரன். இன்னிக்கு ஆடப் போறேன்."

அமிர்தலிங்கம் துண்டை முழுசாக எடுத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நீ எந்தப் பூதம்?"

சசிகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அத மட்டும் கேக்காதீங்கய்யா" என்றான் வீரமணி. "சொன்னா தடை பண்ணிடுவீங்க."